கொரட்டூர் கொட்டகையில் ஓர் இறக்கைத் துண்டு

தகடுகளை இணைக்க முதல் நாள் அடித்த இருபத்து நான்கு ரிவெட் ஆணிகளில் பதினேழை மறுநாள் எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கப் போய் ஐந்து துளைகளைக் கெடுத்தேன். அந்தத் தகடு இப்போதும் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. யாராவது வந்து "விமானம் எங்கே?" என்று கேட்டால் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். பாதிப் பேர் அதோடு கிளம்பிவிடுகிறார்கள்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். நாற்பத்தாறு வயது வரை என் கை பிடித்த ஒரே இயந்திரம் ஸ்டேப்ளர். ஆனால் வளர்ந்தது பழவந்தாங்கலில். மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்கார்ந்தபடி, தலைக்கு மேல் இறங்கும் விமானங்களின் வயிற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பித்து அவ்வளவு எளிதில் இறங்காது. கிட் விமானம் என்ற ஒன்று இருக்கிறது, வெட்டி வளைத்துத் துளையிட்ட பாகங்களாகப் பெட்டியில் வரும், வீட்டிலேயே கட்டலாம் என்று தெரிந்த நாள் முதல் வீட்டில் எனக்கு வேறு பேச்சு இல்லை. வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் இத்தகைய விமானங்களுக்கான விதி. அதை நான் பெருமையாக வாசித்துக் காட்டியபோது மனைவி கேட்டாள்: "பரணுக்குப் போட்ட கதவே இன்னும் மூடவில்லை. முதலில் ஒரு தகரப் பெட்டி ஒழுங்காகச் செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்."

நியாயமான பேச்சு. அதையே ஒப்பந்தமாக வைத்துக்கொண்டோம். அந்தப் பெட்டியையும், விமான இறக்கையின் சிறு பகுதி போன்ற ஒரு பயிற்சித் துண்டையும் குறையில்லாமல் முடிக்கும் வரை கிட்டுக்குப் பணம் கட்டுவதில்லை.

இந்த ஊருக்கு இந்தப் பித்து புதிதும் அல்ல. 1910-இலேயே மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஆஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், சிம்ப்சன் பட்டறையில் ஒரு விமானம் கட்டுவித்துத் தீவுத்திடலில் பறந்து காட்டியிருக்கிறார். நம் காலத்தில், மும்பையில் விமானி அமோல் யாதவ் குடியிருப்பின் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்துக்கு 2017-இல் பதிவு எண் கிடைத்தது. கேரளத்துக்காரரான அசோக் தாமராட்சன் லண்டனில் பொதுமுடக்கக் காலத்தில் ஸ்லிங் கிட் ஒன்றைக் கட்டி, 2022-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். அந்தச் செய்தித் துணுக்கைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். தைரியம் குறையும்போது எடுத்துப் பார்ப்பேன்.

எந்தக் கிட் என்பதில்தான் முதல் சிக்கல். உலோகக் கிட்டுகளில் ரிவெட் இரண்டு வகை. தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங், மிசூரி மாநிலத்தின் ஜெனித் போன்றவை பெரும்பாலும் 'பாப் ரிவெட்' இனத்தைச் சேர்ந்தவை. ஒரு பக்கமிருந்தே இழுத்து இறுக்கிவிடலாம், ஒரே ஆள் போதும். ஓரிகன் மாநிலத்தின் வேன்ஸ் நிறுவனத்து ஆர்வி விமானங்களில் பெரும்பாலானவற்றுக்குத் திட ரிவெட். ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் மறுபுறம் 'டாலி' என்ற இரும்புக் கட்டையைப் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு விமானத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ரிவெட் வரும். கடினமானதைக் கற்றுக்கொண்டால் எளியது தானாக வரும் என்று திட ரிவெட்டையே பிடித்துக்கொண்டேன். இது வீரமா முட்டாள்தனமா என்பதில் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பயிற்சிக்கான சிறு கிட்டும் ரிவெட்டுகளும் சில கருவிகளும் அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகனின் பெட்டியில் ஊறுகாய்க் காலிப் பாட்டில்களோடு வந்து சேர்ந்தன.

மற்றதெல்லாம் பாரிமுனை. லிங்கிச் செட்டி தெரு, செம்புதாஸ் தெரு என்று மூன்று சனிக்கிழமைகள் அலைந்தேன். கம்ப்ரஸர், பெஞ்ச் வைஸ், அரங்கள் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. ட்ரில் பிட்டில்தான் மாட்டிக்கொண்டேன். கிட்டின் அளவெல்லாம் அங்குலக் கணக்கு. 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண் பிட், 1/8 அங்குலத்துக்கு 30-ஆம் எண் பிட். கடைக்காரர் மில்லிமீட்டர் தட்டை நீட்டினார். 40-ஆம் எண் என்பது 2.49 மி.மீ.; 2.5 பிட் போட்டால் குறையொன்றுமில்லை. 30-ஆம் எண் 3.26, கடையில் இருந்தது 3.3. "ஒரு முடி அளவு வித்தியாசம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். ரிவெட்டின் தண்டு 3.18 மி.மீ. துளை பெரிதானால் அடிக்கும்போது தண்டு நேராக வீங்காமல் சாய்ந்து மடங்கும். யார் பார்க்கிறார்களோ இல்லையோ, ரிவெட் பார்க்கும். எண் பிட்டுகளுக்கு இன்னும் இரண்டு தெரு நடந்தேன்.

அலுமினியத் தகடு கேட்ட கடையில் "பஸ்ஸுக்கா, பாத்திரத்துக்கா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை என் குருவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பஸ்! அலுமினியத் தகட்டை வரிசை வரிசையாக ரிவெட் அடித்துக் கூடு கட்டும் வேலை இந்த ஊரில் காலங்காலமாக நடந்துகொண்டுதானே இருக்கிறது. பாடியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விசாரித்தபோது, பஸ் கூண்டு கட்டும் வேலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மேஸ்திரியைக் காட்டினார்கள். எழுபது வயது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்கேல். நான் படங்களை விரித்து அரை மணி நேரம் விளக்கிய பிறகு, "இது எந்த ரூட் சார்?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. கூலி வேண்டாம், போக வர ஆட்டோவும் இரண்டு வேளை டீயும் போதும் என்றார்.

அவரிடம் படித்த முதல் பாடம் பிசிறு. தகட்டை வெட்டினாலும் துளைத்தாலும் விளிம்பில் நிற்கும் கூரான சிலும்புதான் பிசிறு. துளையின் பிசிறை, துளை வாயைக் கூம்பாகக் குடையும் கவுண்டர்சிங்க் பிட்டை விரலால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். அதிகம் சுற்றினால் துளையே குழிந்துவிடும். விளிம்பை அரத்தால் தேய்த்து, பிறகு நைலான் நாரால் மெருகேற்ற வேண்டும். நான் முடித்துவிட்டதாக நினைத்து நீட்டிய தகட்டின் விளிம்பில் மேஸ்திரி தன் வேட்டித் தலைப்பை இழுத்தார். நூல் மாட்டியது. "இன்னும் இருக்கிறது." மறுபடி தேய்த்தேன். மறுபடி மாட்டியது. ஒரு சாண் விளிம்புக்கு நாற்பது நிமிடம் ஆனது. மறுவாரம் ஒரு பழைய மல் வேட்டியைக் கிழித்துக் கொட்டகையில் வைத்துவிட்டேன். இன்றுவரை அதைவிட நல்ல சோதனைக் கருவியை நான் எந்தப் பட்டியலிலும் பார்க்கவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் அவர் சொன்னபடி நடக்கவில்லை. பஸ் வேலையில் தகட்டின் மேல் ஊசி முனையால் கோடு கிழித்து அடையாளம் வைப்பது வழக்கம். விமானத் தகட்டில் அந்தக் கீறலே விரிசலின் பிறப்பிடம் ஆகிவிடும். பென்சிலும் கூடாது, அதன் கிராஃபைட் அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்து அரிப்பைக் கொடுக்கும். மார்க்கர் பேனா மட்டும்தான். இதைச் சொன்னபோது மேஸ்திரிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "முப்பத்தைந்து வருஷமாகக் கீறினேன், ஒரு பஸ்ஸும் கீறல் வழியாகக் கிழியவில்லை." பஸ் நின்றால் இறங்கி நடக்கலாம் என்று நான் சொன்னேன். அரை டம்ளர் டீ குடித்து முடிக்கும் வரை யோசித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த கீறு ஊசியை எடுத்து மேசை டிராயரில் போட்டார். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

இனி ரிவெட். ஏடி வகை ரிவெட்டின் தலை நடுவில் சின்னக் குழி ஒன்று இருக்கும். அதுதான் அதன் உலோகக் கலவைக்கு அடையாளம். 0.8 மி.மீ. தகடு இரண்டு சேர்ந்தால் 1.6. அதோடு தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மி.மீ. நீளம் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மொத்தம் 6.4, ஏறக்குறைய கால் அங்குலம். அதனால் 4-4 என்று எண்ணிட்ட ரிவெட்: முதல் நான்கு விட்டம், எட்டில் ஒரு பங்கு அங்குலம், அடுத்த நான்கு நீளம், பதினாறில் நான்கு பங்கு. அடித்து முடித்தபின் மறுபக்கத்தில் உருவாகும் தலையின் அகலம் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் விட்டத்தில் பாதி. 4.8-க்கு 1.6. கணக்குப் பிள்ளைக்கு இதெல்லாம் அல்வா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் தெரிந்தது.

விசையை அமுக்கியதும் துப்பாக்கி தவளைபோல் துள்ளி, அதன் முனையில் மாட்டிய 'ஸ்நாப்' என்ற அச்சு ரிவெட் தலையிலிருந்து நழுவித் தகட்டில் பிறை வடிவத்தில் நான்கு பள்ளங்களைப் போட்டது. பயந்து காற்றழுத்தத்தைக் குறைத்தேன். இப்போது ரிவெட் மெதுவாக, நிறைய அடி வாங்கியது. அதுவும் தவறுதான். இந்த உலோகம் அடி வாங்க வாங்க இறுகிக்கொண்டே போகும். அதிக நேரம் தட்டினால் தலை விளிம்பில் வெடிப்பு விடும். குறைந்த எண்ணிக்கையில், அழுத்தமான அடிகளாக, இரண்டு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். டாலியைப் பிடிப்பவர் தள்ளவும் கூடாது, விடவும் கூடாது. தள்ளினால் ரிவெட் தலை மறுபக்கம் எழும்பித் தகட்டோடு ஒட்டாமல் நிற்கும். விட்டால் தகடே குழிந்துபோகும்.

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தொடக்கத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். ரிவெட் வீங்கித் துளையை நிரப்பி இறுகியதும் சத்தம் கணீரென்று ஒரு படி மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். நான் எப்போதும் அரை நொடி தாமதம். "பாட்டுக் கேட்பீர்களா சார்?" என்றார். கேட்பேன் என்றேன். "தாளம் போடுவீர்களா?" இல்லை என்றேன். "அதுதான்" என்றார்.

அடிப்பதைவிட எடுப்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது. ரிவெட் தலையின் அந்தச் சின்னக் குழியில் சிறிய பிட்டை நிறுத்தி, தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும். பிறகு சரியான பிட்டால் ஒரு முறை. அதன்பின் அளவான ஆணிமுனையைத் துளையில் நுழைத்துச் சாய்த்தால் தலை 'டிக்' என்று உடைந்து வரும். மறுபுறம் மரக்கட்டையை அண்டக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்கலாம். நான் முதல் நாள் செய்தது, 30-ஆம் எண் பிட்டை வைத்து நேராக மறுபக்கம் வரை இறங்கியது. பிட் சற்றே விலகினாலும் தண்டை விட்டுவிட்டு மெல்லிய தகட்டைத்தான் தின்னும். துளை எட்டு என்ற எண்ணின் வடிவத்துக்கு வந்துவிடும். அப்படித்தான் அந்த ஐந்தும்.

கெட்ட துளைக்கும் வழி உண்டு. அடுத்த அளவு ரிவெட்டுக்குத் துளையைப் பெரிதாக்கலாம், ஆனால் துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் விட்டத்தைப்போல் இரு மடங்கு தூரம் இருக்க வேண்டும். 5/32 அங்குல ரிவெட் என்றால் 8 மி.மீ. என் ஐந்தில் மூன்றுக்கு அந்த இடம் இல்லை. ரிவெட் தலை தகட்டின் மட்டத்தோடு அடங்கும் தட்டைத் தலை வேலையில், தண்டு பெரியதாகவும் தலை ஓர் அளவு சிறியதாகவும் உள்ள ஒரு ரகம் உண்டு. தப்பு செய்தவர்களுக்காகவே அமைந்ததுபோல இருப்பதால் அமெரிக்கர்கள் அதை 'ஊப்ஸ் ரிவெட்' என்கிறார்கள். எங்கள் கொட்டகையில் அதற்கு 'ஐயோ ரிவெட்' என்று பெயர். ஒரு மாதம் முழுவதும் வேண்டுமென்றே அடித்து, வேண்டுமென்றே எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்கத் தெரிந்த பிறகுதான் அடிக்கும்போது கை நடுங்குவது நின்றது.

தட்டைத் தலை ரிவெட்டுக்குத் துளையைக் குடைவதா, குழிப்பதா என்று ஒரு கேள்வி வரும். மேஸ்திரிக்குக் குடைவதுதான் பழக்கம், வேகமாக முடியும். மெல்லிய தகட்டைக் குடைந்தால் துளையின் ஓரம் கத்திமுனை போலாகிவிடும். அதனால்தான் அச்சுக்களுக்கு நடுவே வைத்து அழுத்தித் தகட்டையே கிண்ணம்போல் குழிக்கிறார்கள், உலோகம் குறைவதில்லை. இதை விளக்க அவருக்கு 1988 ஏப்ரல் 28 கதையைச் சொன்னேன். ஹவாய்த் தீவுகளுக்கு நடுவே குட்டிக்குட்டிப் பயணங்களாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலோகா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை, சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு, நடுவானில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் பறிபோனார். மற்றவர்களோடு விமானம் எப்படியோ தரையிறங்கியது. இரண்டு தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போக, சுமையெல்லாம் ரிவெட் வரிசைமேல் விழுந்திருக்கிறது. கத்திமுனையாய்க் குடைந்த துளை ஓரங்களில் சின்னச் சின்ன விரிசல்கள் தொடங்கி, ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. கடற்காற்றின் உப்பும் அரிப்புக்குத் துணை போயிருக்கிறது. மேஸ்திரி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கடற்காற்று என்றால் நம் ஊர் மாதிரியா?" என்று மட்டும் கேட்டார்.

நம் ஊர் மாதிரிதான். கொட்டகையில் இரும்பு தேய்த்த அதே கிரைண்டர் சக்கரத்தில் ஒருநாள் அவசரத்துக்கு அலுமினிய விளிம்பைத் தேய்த்தேன். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் விளிம்பெங்கும் காவி நிறப் புள்ளிகள் எழும்பின. அந்தத் துண்டும் இப்போது சுவரில். அன்றிலிருந்து அலுமினியத்துக்கான அரம், சக்கரம், பிரஷ் எல்லாவற்றிலும் நீலப் பெயிண்ட் பூசித் தனிப் பெட்டியில் பூட்டிவிட்டேன். வியர்வைக் கை பட்டால் அந்தந்த விரல் ரேகையே கறையாகப் படிகிறது. அதனால் மெல்லிய பருத்திக் கையுறை. கம்ப்ரஸரின் அடித் திருகை மாலையில் திறந்தால், நாள் முழுவதும் நம் ஊர்க் காற்றைப் பிழிந்த தண்ணீர் அரை டம்ளர் வரும். அதைத் திறக்க மறந்த நாளில் துப்பாக்கி எச்சில் துப்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தகடெல்லாம் பரணில் ஏறித் தப்பியது. கதவு மூடாத அதே பரண்தான், ஆகவே அதைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது.

மேஸ்திரியைப் பற்றிய என் மதிப்பு ஏறிய நாள் ஒன்று உண்டு. சித்திரை மாதத்து மதியம். 1.2 மீட்டர் நீளமுள்ள நடுச்சட்டத்தின் மேல் மேல்தகட்டை வைத்து, கிளீகோ என்கிற தற்காலிகப் பிடி ஊசிகளை ஒரு முனையிலிருந்து வரிசையாகச் செருகிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் துளைகள் சேரவில்லை. கடைசித் துளையில் கிட்டத்தட்ட அரை மி.மீ. விலகல். நிறுவனத்தில் துளை போட்டவன் தூங்கிவிட்டான் என்று திட்டிக்கொண்டே ட்ரில்லைக் கையில் எடுத்தேன். மேஸ்திரி உள்ளங்கையை மேல்தகட்டில் வைத்தார், உடனே எடுத்தார். பிறகு சட்டத்தில் வைத்தார். கூரை இடுக்கு வழியாக வந்த வெயிலில் காலையிலிருந்து அந்தத் தகடு காய்ந்துகொண்டிருந்தது, சட்டம் நிழலில். "கொஞ்சம் ஆற விடுங்கள்." ஃபேனைத் திருப்பி வைத்து டீ குடித்தோம். இருபது நிமிடத்தில் எல்லாத் துளையும் தானாகப் பொருந்தின. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். பதினைந்து டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 மீட்டரில் 0.4 மி.மீ. அவர் அதை உள்ளங்கையால் போட்டார்.

டாலி பிடிப்பவள் என் மகள், ஒன்பதாம் வகுப்பு. இறக்கைத் துண்டின் உள்ளே கையை விட்டுப் பிடிக்க என் கை பருமன், மேஸ்திரிக்குத் தோள் வலி. இடைச்சட்டங்களில் எடை குறைப்பதற்காக வெட்டிய வட்டத்துக்குள் அவள் கை முழங்கை வரை போகிறது. மூவரும் காது மூடி போட்டிருப்பதால் பேச்சு கேட்காது. அதனால் தகட்டில் ஒரு தட்டு என்றால் 'தயார்', இரண்டு தட்டு என்றால் 'நன்று, அடுத்தது', மூன்று தட்டு என்றால் 'எடுக்க வேண்டும்'. மூன்று தட்டும்போது அவளுக்கு ஒரு தனி உற்சாகம் வருவதைக் கவனித்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியின் வேண்டுகோள்படி மதியம் ஒன்று முதல் நான்கு வரை துப்பாக்கி தூங்கும்.

தகரப் பெட்டி சென்ற ஆண்டே முடிந்தது. மனைவி அதில் தையல் சாமான் வைத்திருக்கிறாள், மூடி சரியாக மூடுகிறது. இறக்கைத் துண்டில் மிச்சமிருந்தது பின் விளிம்பு மட்டும். இரண்டு தகடுகளும் ஆப்பு போன்ற ஒரு பட்டையின் மேல் கூடும் இடம். மேலும் கீழும் தட்டையாக அடங்கும் ரிவெட் வரிசை. ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் விளிம்பு வாழைப்பழம்போல் வளைந்துவிடும் என்பதால், ஒன்று இந்தக் கோடி, ஒன்று அந்தக் கோடி, ஒன்று நடுவில் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். மேஸ்திரி ஒரு முனையில் நூலை அழுத்திப் பிடிக்க, மறுமுனையை நான் இழுத்துப் பிடித்தேன். அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நடுவில் ஒரு சாண் தூரத்துக்கு நூலுக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது.

"அளவுக்குள்தான் இருக்கிறது" என்றேன் நான், ஸ்கேலை வைத்துப் பார்த்து.

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. தகட்டில் மூன்று முறை தட்டினார். மகள் அதற்குள் 40-ஆம் எண் பிட்டை ட்ரில்லில் மாட்டிக்கொண்டிருந்தாள்.